போர்க்கப்பலுக்குக் கரி வந்த வழி: நேரில் பார்த்தவை

நான் போனது வேல்ஸில் உள்ள ப்ளேனாவன் ஊருக்கு. அங்கே பிக் பிட் என்ற நிலக்கரிச் சுரங்கத்தை 1980இல் மூடி, மூன்று வருடத்தில் அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். இறங்குவதற்கு முன்னால் போன், வாட்ச் என்று பேட்டரி உள்ள எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், கீழே ஒரு தீப்பொறி போதும், வாயு பிடித்துக்கொள்ளும். கூண்டில் 90 மீட்டர் இறங்கினோம். கூட வந்தவர் பழைய சுரங்கத் தொழிலாளி. ஓரிடத்தில் எல்லோரையும் தலைவிளக்கை அணைக்கச் சொன்னார். முகத்துக்கு நேராகக் கையை ஆட்டிப் பார்த்தேன், கை இருப்பதே தெரியவில்லை. இந்த மாதிரி இருட்டில்தான் அந்தக் காலத்தில் ஆறேழு வயதுப் பிள்ளைகள் காற்றோட்டத்தைச் சரியான வழியில் விடும் கதவு பக்கத்தில் உட்கார்ந்து, கரிவண்டி வந்தால் கயிற்றை இழுத்துத் திறந்து, போனதும் மூடிக்கொண்டு, நாள் முழுக்க இருந்திருக்கிறார்கள். 1842இல் சட்டம் வந்து பெண்களையும் பத்து வயது நிரம்பாத பையன்களையும் உள்ளே இறக்கக் கூடாது என்றது. பத்து ஆகிவிட்டால் இறக்கலாம். என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது, இருட்டில் என் துப்பட்டாவை விடவே இல்லை.

---

அக்கா, நீங்கள் கரி வெட்டிய இடத்தைப் பார்த்தீர்கள், நான் அதை எரித்த இடத்தைப் பார்த்தேன். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் நிற்கும் வாரியர் என்ற பழைய போர்க்கப்பல், 1860இல் கடலில் இறக்கியது, முழுக்க இரும்பு உடம்பு. பத்து பாய்லர், 40 உலைவாய், கரி மட்டும் சுமார் 850 டன் பிடிக்கும். பிரிட்டிஷ் கடற்படை தெற்கு வேல்ஸ் கரியைத்தான் விரும்பி வாங்கியது. அதில் சூடு அதிகம், புகை குறைவு. புகை கிளம்பினால் கப்பல் வருவது எதிரிக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும், அதோடு நம் பீரங்கிக்காரன் கண்ணையும் மறைக்கும். அரேபியாவின் தெற்கில் உள்ள ஏடன் துறைமுகம் வரைக்கும் வேல்ஸிலிருந்து கரி போயிருக்கிறது.

அப்புறம் ஒன்று. என் தாத்தா ரயில்வேயில் ஸ்டீம் இன்ஜின் ஃபயர்மேன். கரியை ஒரே இடத்தில் குவித்தால் நெருப்புக்கு மூச்சு முட்டும், மெல்லிசாக விசிறிப் போடணும் என்று சாப்பாட்டுத் தட்டில் சோற்றைப் பரப்பிக் காட்டுவார். ரிட்டயர் ஆகி இருபது வருடம் கழித்தும் அவர் உள்ளங்கை காய்த்துத்தான் இருந்தது. அந்த பாய்லர் அறையில் உலைக்கதவு ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நடந்தேன், அவர் ஞாபகமாகவே இருந்தது.