ரிக்ரெஷன் டெஸ்ட்: "வழாநிலைச் சோதனை" என்னும் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இணையத்தளங்களைக் கட்டப் பயன்படும் ஜாங்கோ வலைச் சட்டகத்தின் பங்களிப்பு வழிகாட்டியைத் தமிழாக்கும் நம் பணியில், "ரிக்ரெஷன் டெஸ்ட்" என்பதற்கு மார்த்தாண்டத்து நண்பர் "பின்னடைவுச் சோதனை" என்றும், தக்கலையிலிருந்து எழுதிய தோழி "மீள்வழுச் சோதனை" என்றும் பரிந்துரைத்திருக்கிறார்கள். இரண்டையும் வழிகாட்டியின் வாக்கியங்களில் பொருத்திப் பார்த்தேன். இரண்டும் போதா என்று தோன்றுவதால் "வழாநிலைச் சோதனை" என்பதை முன்மொழிகிறேன். காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பொருளை உறுதிசெய்துகொள்வோம். ஜாங்கோவில் ஒரு வழுவுக்கு, அதாவது நிரலில் உள்ள பிழைக்கு, திருத்தம் அனுப்புகிறவர் அதனோடு ஒரு சோதனையையும் எழுதி அனுப்ப வேண்டும். திருத்தத்தைச் சேர்ப்பதற்கு முன் அந்தச் சோதனை தேறாமல் போக வேண்டும். சேர்த்தபின் தேற வேண்டும். முன்னமே தேறிவிட்டால் அது வழுவைத் தொடவே இல்லை என்று பொருள். திருத்தம் ஏற்கப்பட்டபின் அச்சோதனை ஜாங்கோவின் சோதனைத் தொகுதியிலேயே தங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் கழித்து, அந்த வழுவைப் பற்றி ஒன்றுமே அறியாத ஒருவர் அதே பகுதியில் கை வைக்கும்போதும் அது ஓடுகிறது. நாஞ்சில் நாட்டில் குளக்கரை ஒருமுறை உடைப்பெடுத்த இடத்தை, அதை அடைத்து நெடுங்காலம் ஆனபின்னும், கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு நெற்பருவங்களின் மழையிலும் முதலில் போய்ப் பார்ப்பார்களே, அத்தகைய காவல் அது.

"பின்னடைவு" என்பது தேர்தலுக்கும் உடல்நிலைக்கும் செய்தித்தாள்கள் அன்றாடம் வழங்கும் சொல். புள்ளியியலிலும் அது வேறொரு பொருளில் ஏற்கெனவே குடியேறிவிட்டது. நம் மாவட்டக் கல்லூரி மாணவர்கள் எந்திரக் கற்றல் பாடத்தையும் ஜாங்கோவையும் ஒரே பருவத்தில் படிக்கக் கூடியவர்கள் என்பதை மறக்க வேண்டாம். இதற்கு மேல் அதைப் பற்றி வாதிடத் தேவையில்லை.

"மீள்வழு" அப்படித் தள்ளிவிடக் கூடியதன்று. சொன்னவுடன் பொருள் விளங்குகிறது. திருத்திய வழு திரும்பி வராமல் காப்பதைச் சரியாகவே சுட்டுகிறது. ஆனால் வழிகாட்டி "ரிக்ரெஷன்" என்பதைத் தனியாகவும் ஆள்கிறது. ஒரு பதிப்பு வெளியானபின் அதன் நிலைத்த கிளையில், அதாவது அப்பதிப்பைப் பேணும் நிரல் பிரதியில், எல்லாத் திருத்தங்களும் சேர்க்கப்படுவதில்லை. பாதுகாப்புக் குறைகள், தரவு இழப்பு, நிரலை முடக்கும் வழுக்கள், புதிய வசதிகளில் உள்ள பெருங்குறைகள் ஆகியவற்றோடு, பழைய பதிப்பில் ஒழுங்காக இயங்கி நடப்புப் பதிப்பு வரிசையில் கெட்டுப்போனவற்றுக்கும் மட்டுமே அங்கே இடம் உண்டு. இந்தக் கடைசி வகையையே வழிகாட்டி "ரிக்ரெஷன்" என்கிறது. இதில் முன்பு வழு ஏதும் இருக்க வேண்டியதில்லை. முன்பு இல்லாத வழு எப்படி மீளும்?

நம் ஆவணப் பணியிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஆவணப் பக்கங்களை உருவாக்கும் ஸ்பிங்ஸ் கருவி ஆங்கில மூலத்திலிருந்து வாக்கியங்களைப் பிரித்துத் தருகிறது. நாம் அவற்றுக்குத் தமிழ் எழுதுகிறோம். மூலத்தில் யாரோ ஒரு சொல்லை மாற்றினாலும், மொழிபெயர்ப்புக் கோப்புகளைக் கையாளும் கெட்டெக்ஸ்ட் நம் மொழிபெயர்ப்பை "ஃபஸி", அதாவது சரிபார்க்க வேண்டியது, என்று குறித்துவிடுகிறது. நாம் அமைப்பை மாற்றாத வரையில் ஸ்பிங்ஸ் அத்தகைய வாக்கியங்களைச் சேர்க்காமல் விட்டுவிடுவதால், நேற்று வரை தமிழில் இருந்த பத்தி எவ்வித எச்சரிக்கையும் இன்றி ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுகிறது. தமிழ் வாக்கியத்தில் வழு ஏதுமில்லை. இருந்த நிலையிலிருந்து பக்கம் வழுவிவிட்டது. இதையும் நிரலில் நேர்வதையும் ஒரே சொல்லால் குறிக்க முடிய வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஆகவே "ரிக்ரெஷன்" என்பதற்கு "நிலைவழுவல்" என்றும், அதைத் தடுக்கும் சோதனைக்கு "வழாநிலைச் சோதனை" என்றும் கொள்ளலாம். வழாநிலை என்பது வழுவாமல் நிற்கும் நிலை. "பக்" என்பதற்கு நாம் வழு என்றே எழுதுகிறோம். மூன்றும் ஒரே வேரில் நிற்கும். வினையாகவும் இயல்பாக வரும்: "முந்தைய பதிப்பில் சரியாக இயங்கிய வடிகட்டல் இப்பதிப்பில் நிலைவழுவியது." வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் மூன்றும் பள்ளி இலக்கணப் பாடத்தில் இருப்பவை என்பதால் புதிதாகக் கற்பிக்க வேண்டியதும் குறைவு.

எல்லாச் சோதனைகளும் வழாநிலையைத்தானே காக்கின்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நிரலின் ஒரு சிறு பகுதியை மட்டும் சோதிக்கும் அலகுச் சோதனை முதலியவை எவ்வளவு நிரலைத் தொடுகின்றன என்பதால் பெயர் பெற்றவை. இதுவோ நோக்கத்தால் பெயர் பெறுகிறது. ஓர் அலகுச் சோதனையே வழாநிலைச் சோதனையாகவும் இருக்கலாம் என்பதால் முரண் இல்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பைத்தான் மொழியின் சோதனைக் கருவியான யூனிட்டெஸ்டில் தேறாது என்று தெரிந்தே குறித்துவைக்கும் சோதனைகள் உண்டு. ஆரக்கிள், எஸ்கியூலைட் போன்ற தரவுத்தளங்களின் வேறுபாடுகளுக்காக ஜாங்கோவும் அவ்வசதியைப் பயன்படுத்துகிறது. காரணம் கருதி ஏற்கப்பட்ட அத்தகைய தவறுதலுக்கு "வழுவமைதி" என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. மாட்டைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பதை உவப்பினால் வந்த திணை வழுவமைதி என்று படித்திருக்கிறோம். அம்மை என்பது நம் வீடுகளில் இன்றும் வழங்கும் சொல் என்பதால் இந்த எடுத்துக்காட்டு நம் மாணவர்களுக்கு எளிதில் பிடிபடும்.

ஒவ்வொரு பக்கத்திலும் இச்சொற்கள் முதலில் வரும் இடத்தில் "ரிக்ரெஷன் டெஸ்ட் எனப்படும் வழாநிலைச் சோதனை" என்று எழுதிவிட்டு, பின்னர் தமிழை மட்டும் ஆளலாம். மறுப்புடையவர்கள் வழிகாட்டியிலிருந்து குறைந்தது இரண்டு வாக்கியங்களை, ஒன்று சோதனையைப் பற்றியும் மற்றொன்று நிலைவழுவலைப் பற்றியும் எடுத்து, தம் சொல்லை அவற்றில் இட்டு அனுப்பும்படி வேண்டுகிறேன். அவற்றைப் பார்த்தபின் சொற்பட்டியலில் ஏற்றுகிறேன்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து