பொருள்: ஃபினாலஜிக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

மேலூர் டீச்சர், திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். அவசர உதவி.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் நிரப்புவதற்காக 32 பக்க நோட்டு ஒன்று அடிக்கிறோம். வீட்டு வாசலிலோ கொல்லையிலோ நிற்கும் ஒரு மரத்தை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேம்பு பூத்தது என்றைக்கு, சரக்கொன்றையில் முதல் சரம் தொங்கியது என்றைக்கு, குயில் கூவியது, ஈசல் கிளம்பியது, எல்லாம் தேதியோடு வரும். மழை பெய்தால் நேர்ச்சுவர் உள்ள பாட்டிலில் பிடித்து, வானிலைக்காரர்கள் மாதிரியே காலை 8.30 மணிக்கு அளந்து எழுத வேண்டும்.

இந்த வேலைக்கு ஃபினாலஜி என்று பெயர். 'ஃபினாலஜி குறிப்பேடு' என்று அட்டை போட்டுக் காட்டினேன். முதல் பெஞ்சுப் பையன், "டீச்சர், ஃபினாயில் கணக்கா?" என்றான். தமிழில் பேர் வைத்தால்தான் கையெழுத்து என்கிறார் தலைமையாசிரியர். வெள்ளி மதியத்துக்கு மேல் அச்சகத்தில் திருவிழா நோட்டீஸ் வேலை ஆரம்பித்துவிடும், நம் நோட்டைத் தொட மாட்டார்கள். ஒரு சொல் கொடுங்கள்.

கூடல்நகர் மொழிபெயர்ப்பாளர், திங்கள் இரவு

டீச்சர், பருவநிகழ்வியல். எழுதிக்கொள்ளுங்கள், முடிந்தது.

விளக்கம் வேண்டுவோருக்கு: 'தோன்றுதல்' என்ற பொருளுள்ள கிரேக்க வேரிலிருந்து, பெல்ஜியத்துத் தாவரவியலாளர் சார்ல் மொரன் 1849இல் உண்டாக்கிய சொல் அது. வேலை அதைவிடப் பழையது. இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் 1736இலேயே தன் தோட்டத்தில் எந்தப் பூ முதலில் வந்தது, எந்தப் பறவை முதலில் கூவியது என்று குறிக்கத் தொடங்கிவிட்டார். ஜப்பானில் கியோட்டோவின் செர்ரி மலர்ப் பதிவுகள் ஒன்பதாம் நூற்றாண்டுவரை பின்னால் போகின்றன. நிகழ்வது பருவத்தில், நாம் பார்ப்பது நிகழ்வை. ஆகவே பருவநிகழ்வியல்.

திருநகர் ஐயா, செவ்வாய் விடியற்காலை

முடியவில்லை ஐயா, இப்போதுதான் தொடங்குகிறது.

'நிகழ்வியல்' மெய்யியலார் கையில் ஏற்கெனவே இருக்கிறது. உணர்வுக்குப் புலப்படுவதை ஆராயும் துறைக்கு அந்தப் பெயரை வைத்துப் பல காலமாயிற்று. அதன் தலையில் 'பருவ' என்று தொப்பி வைத்தால் பருவ வயதினரின் மெய்யியல் என்று ஒருவன் பொருள் கொள்வான். அவனைக் குறை சொல்ல முடியாது.

தமிழில் ஒரு சொல் காத்துக்கொண்டிருக்கிறது. போது. பொழுது என்பது போது என மருவும். அலரப்போகிற மொக்குக்கும் போது என்றே பெயர். 'காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்இந் நோய்' என்ற குறளை (1227) அறியாதவர் இந்தக் குழுவில் இருக்க மாட்டார்கள். காலத்துக்கும் மொட்டுக்கும் ஒரே சொல்! மொட்டைப் பார்த்துப் பொழுது சொன்ன இனம் இது. போது + இயல் = போதியல். ஆறு பெரும்பொழுது வகுத்து, கார்காலத்துக்கு முல்லை என்று நிலத்தோடு கட்டி வைத்தவர்களுக்கு 1849ஆம் ஆண்டுப் பெல்ஜியத்தின் தயவு வேண்டுமா?

சோழவந்தான் அண்ணன், செவ்வாய் காலை

ஐயா, வணக்கம். 'போதியல் எவ்வளவு?' என்று பிள்ளையைக் கேட்டால் 'போதலை சார்' என்றுதான் பதில் வரும்.

கொடிக்காலும் வயலும் பார்க்கிறவன் என்கிற முறையில் என் பங்கு: பட்டம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று எல்லோருக்கும் தெரியும். எந்தக் காலத்தில் எது நடக்கும் என்ற மொத்தக் கணக்கும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பட்டக்குறிப்பு என்று வையுங்கள். சம்சாரி வீட்டுப் பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கம் இப்போது பட்டம் என்பது பெரியாறு தண்ணீர் திறக்கிற தேதிதான். ஆடி பிறந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை, மதகைத்தான் பார்க்கிறோம்.

கூடல்நகர் மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் காலை

அண்ணே, ஏழாம் வகுப்புப் பையனுக்குப் பட்டம் என்றால் மொட்டைமாடியில் நூல் கட்டி விடுவது. அவன் அப்பாவுக்குப் பி.ஏ. நீங்கள் சொல்கிற பட்டம் மூன்றாவதாக வரும்.

நாகமலை தம்பி, செவ்வாய் மதியம்

பூச்சி ஆராய்ச்சியில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் குறுக்கே வருகிறேன். பினாலஜி என்றே வைத்துவிட்டால் என்ன? பஸ், பேங்க் எல்லாம் வைத்துக்கொண்டுதானே இருக்கிறோம். பிள்ளை நாளைக்குக் கல்லூரியில் இதே சொல்லைத்தான் பார்க்கும். ஐயா ஆய்த எழுத்து மொழிமுதலில் வராது என்று சொல்வதற்கு முன்னால் நானே அதை எடுத்துவிட்டேன்.

போது விஷயம்: காலம் என்கிற போதும் மொட்டு என்கிற போதும் ஒரே வேரா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஒலி ஒன்றானதாலேயே உறவாகிவிடாது.

இன்னொன்று. அட்டையில் என்ன போட்டாலும் சரி, உள்ளே 'காலநிலை மாற்றத்தைக் கண்டறிவோம்' என்று மட்டும் போட வேண்டாம். ஒரு வருஷக் குறிப்பு வானிலை. காலநிலை என்று வாய் திறக்க 30 வருஷச் சராசரி வேண்டும். உலக வானிலை அமைப்பு இப்போது ஒப்பிடுவது 1991 முதல் 2020 வரையிலான சராசரியோடு.

திருநகர் ஐயா, செவ்வாய் மாலை

தம்பி, பேருந்து என்று நாட்டில் கோடிப்பேர் சொல்கிறார்கள். நான் பள்ளியில் படித்தபோது 'சீதோஷ்ண நிலை'. சீதம், உஷ்ணம். அதையே தட்பம், வெப்பம் என்று பிரித்துத் தைத்துத் தட்பவெப்பநிலை ஆக்கினோம். அப்போதும் உம்மைப் போல ஒருவர் 'யாருக்குப் புரியும்?' என்று கேட்டிருப்பார். ஆய்தத்தை எடுத்ததற்கு நன்றி. அது குறிலுக்கும் வல்லெழுத்துக்கும் நடுவில் வாழ வேண்டிய எழுத்து, அதைத் தெருவில் நிறுத்தக் கூடாது.

திருப்பாலை அக்கா, செவ்வாய் இரவு

இங்கே நான் அதிகம் எழுதுவதில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டுத் தோட்டம்தான் வேலை. டீச்சர் பிள்ளைகளைச் செய்யச் சொல்வதை மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் ரொம்ப நாளாகச் செய்துவருகிறேன். அதற்குப் பெயர் உண்டு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

போதியல், பூவியல் எல்லாம் எனக்கு ஒத்துவராது. என் காலண்டரில் பூ பாதிதான். எலுமிச்சைக்கு அடியில் சருகைக் கிளறும் ஆறுமணிக்குருவி மழைக்காலத்தை ஒட்டி வடக்கிலிருந்து வரும். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். அது எந்தப் பூ? தவிட்டுக்குருவி கூடு கட்டுவது, ஈசல், மாவில் வரும் தத்துப்பூச்சி, எல்லாம் எழுதுகிறேன்.

கல்லாமை என்கிற வகை மாமரம் ஒன்று இருக்கிறது. பொங்கலுக்குக் கோலம் போடும்போது தலையில் மாம்பூ கொட்டும். சில வருஷமாக அந்தப் பழக்கம் இல்லை. மார்கழி ராத்திரி குளிராவிட்டால் மா பூவை விட்டுவிட்டுத் தளிர் தள்ளிவிடுகிறது. இந்தத் தடவையும் தை முழுக்கச் செந்தளிர், பார்க்க அழகு, ஊறுகாய்க்கு வடு இல்லை. ஆனால் பக்கத்து வீட்டில் புதிதாக போர் போட்டு, வழியும் தண்ணீர் எங்கள் சுவரோரம் நிற்கிறது. மரம் குளிர் இல்லாமல் ஏமாந்ததா, தண்ணீர் குடித்து ஏமாந்ததா, என்னால் சொல்ல முடியவில்லை. தம்பி சொல்கிற 30 வருஷம் இருக்கட்டும், இதையும் எழுத நோட்டில் இடம் விடுங்கள் டீச்சர்.

அப்புறம் 'பூத்தது' என்று ஒரே கட்டம் போட்டுவிடாதீர்கள். அரும்பு கட்டியதா, விரிந்ததா, கொட்டியதா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

மேலூர் டீச்சர், செவ்வாய் இரவு

அக்கா, நீங்கள் முன்பே எழுதியிருக்கக் கூடாதா! கட்டத்தை மாற்றிவிட்டேன். அரும்பு, போது, மலர், உதிர்ந்த பூவுக்கு வீ. இலைக்குக் கொழுந்து, இலை, பழுப்பு, சருகு. காய்க்குப் பிஞ்சு, காய், கனி. ஆங்கில மாதிரிப் படிவத்தில் 'இளைய இலை, முதிர்ந்த இலை' என்று ஒட்டவைத்திருந்ததை எல்லாம் அடித்துவிட்டேன். ஐயாவின் போதுக்கும் ஒரு கட்டம் கிடைத்துவிட்டது.

அட்டைதான் இன்னும் காலி.

திருநகர் ஐயா, புதன் விடியற்காலை

கட்டத்தில் இடம் கொடுத்ததற்கு நன்றி, அட்டைக்கு அது ஈடாகாது.

அம்மையார் மாவைப் பற்றி எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. குறுந்தொகை 66ஐ எடுத்துப் பாருங்கள். கார் வந்ததும் வருவேன் என்று போனவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது. தோழி என்ன சொல்கிறாள்? இந்தக் கொன்றை மடமை உடையது, 'வம்ப மாரியைக் காரென மதித்தே' பூத்துவிட்டது என்கிறாள். பருவம் அல்லாத மழையைப் பருவமழை என்று நம்பி ஒரு மரம் ஏமாந்ததற்கு இதைவிடத் தெளிவான பதிவு மார்ஷமிடம் உண்டா? ஆகவே காலம் தவறிப் பூப்பதற்கு வம்பப்பூ என்று கலைச்சொல் செய்துகொள்ளலாம். வம்பு என்றால் புதியது, நிலையாதது. அகநானூறு 251இல் 'வம்ப மோரியர்', அதாவது மௌரியர், தேரோடு வருகிறார்கள். புதிதாய் வந்து நிற்பவன் தகராறு செய்வான் என்பதால்தான் இன்றைய வம்பு பிறந்தது என்பது என் கருத்து. வம்பலர் என்ற வழிப்போக்கரையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்...

(இதற்கு மேலும் நான்கு பத்தி எழுதியிருந்தேன். வேறு இழையில் தருகிறேன்.)

சோழவந்தான் அண்ணன், புதன் காலை

மௌரியர் தேர் வந்து சேர்வதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும் ஐயா. ஆனால் வம்பப்பூ நல்ல சொல். இதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வேம்பு ஐப்பசி மழையில் நாலு கொத்துப் பூத்தபோது பேர் தெரியாமல் நின்றேன்.

நாகமலை தம்பி, புதன் காலை

தோழி சமாதானத்துக்காகச் சொல்கிறாள் ஐயா. உண்மையில் கொன்றை சரியாகத்தான் பூத்திருக்கும், தலைவன்தான் தவறியிருப்பான். அதைச் சான்றாக வைத்து ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது.

திருநகர் ஐயா, புதன் காலை

பொய்யென்றே வைத்துக்கொள்வோம். மரம் ஏமாறக்கூடும் என்று கேட்பவளுக்குத் தெரிந்திருந்தால்தானே அந்தப் பொய் எடுபடும்?

கூடல்நகர் மொழிபெயர்ப்பாளர், புதன் மாலை

இதற்குத் தம்பியிடம் பதில் இல்லை என்று நினைக்கிறேன். ஐயாவுக்கு இந்த ஒன்று.

பருவநிகழ்வியலை நான் கைவிடவில்லை, பாடநூலுக்கு அது வேண்டும். ஆனால் அட்டைக்கு நீளம். அக்கா செய்வதை 'இயல்' என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. அவர் ஆராயவில்லை, பார்த்துக் குறிக்கிறார். பருவக்குறி என்றால் என்ன? மரம் காட்டும் குறியும் அதுதான், நாம் எழுதும் குறிப்பும் அதுதான். நோட்டின் பெயர் பருவக்குறிப்பேடு.

மேலூர் டீச்சர், வியாழன் மாலை

வகுப்பில் கரும்பலகையில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். போதியலுக்கு ஒரே ஒரு கை, அதுவும் ஐயாவின் பேத்தி. (அவள் இங்கே படிப்பதை ஐயா சொல்லவே இல்லை!) பட்டக்குறிப்புக்குப் பையன்கள் எல்லாம் கை தூக்கினார்கள், நோட்டோடு காற்றாடியும் தருவோம் என்று நினைத்துவிட்டார்கள். பருவக்குறிப்பேடு என்றபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. அதையே வைத்துவிட்டேன்.

கடைசிப் பக்கத்தில் 'வம்பப்பூ' என்று தனித் தலைப்பு. அதற்குக் கீழே அக்கா கேட்ட இடம்: பக்கத்தில் தண்ணீர் தேங்கியதா, கிளை வெட்டினார்களா, தெருவிளக்கு போட்டார்களா.

திருப்பாலை அக்கா, வியாழன் இரவு

சந்தோஷம் டீச்சர். எனக்கும் ஒரு பிரதி. இன்றைக்குச் சாயங்காலம் எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கொண்டு திண்ணை ஏறுகிறது. வானத்தில் ஒன்றும் காணோம். எழுதி வைத்திருக்கிறேன்.

நாகமலை தம்பி, வியாழன் இரவு

எனக்குச் சம்மதம். உள் அட்டையில் பினாலஜி என்று ஒரு தடவையாவது போடுங்கள்.

திருநகர் ஐயா, வெள்ளி மாலை

பெரும்பான்மைக்குத் தலை வணங்குகிறேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. போது ஒரு நாள் எழும்.

பேத்தி அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாள். 'பருவகுறிப்பேடு' என்று அச்சாகியிருக்கிறது. ககர ஒற்று எங்கே? போதியல் என்று வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

சோழவந்தான் அண்ணன், வெள்ளி மாலை

ஐயா, போதியல் + குறிப்பேடு. அந்த ல் ற் ஆகாதா?