அலுவலகக் கணினியில் நான் பார்ப்பதெல்லாம் மேலாளருக்குத் தெரியுமா?

கோவைக் கணக்கர்:
தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். அண்மையில் எல்லாக் கணினிகளிலும் ஏதோ மென்பொருள் ஏற்றினார்கள். எதற்கென்று ஒருவரும் சொல்லவில்லை. நேற்று மேலாளர் சக ஊழியர் ஒருவரிடம், "மகப்பேறு மருத்துவமனைப் பக்கத்தைப் பார்த்தீர்களே, விடுப்பு வேண்டுமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்தப் பெண் கூனிக்குறுகி நின்றார். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. எவ்வளவு தூரம் இவர்களால் பார்க்க முடியும்?

நெட்வொர்க் பொறியாளர்:
எச்.டி.டி.பி.எஸ். (உலாவிக்கும் தளத்துக்கும் இடையிலான தரவை மறைகுறியாக்கும் முறை) இருந்தால், நெட்வொர்க்கைப் பார்ப்பவருக்கு வழக்கமாகத் தளத்தின் பெயர்தான் தெரியும். ஆனால் நிறுவனம் தன் ரூட் சான்றிதழை (தான் வழங்கும் சான்றிதழ்களைக் கணினி நம்பச் செய்யும் மூலச் சான்றிதழ்) கணினியில் நிறுவியிருந்தால், உங்களுக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் ப்ராக்ஸி என்ற இடைக் கணினி எல்லாவற்றையும் பிரித்துப் படிக்கலாம். வங்கிப் பக்கத்தைத் திறந்து, கடவுச்சொல் எதுவும் தராமல், உலாவி காட்டும் அந்தத் தளத்தின் சான்றிதழை வழங்கியவர் யார் என்று பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அப்படித்தான் பிரித்துப் படிக்கிறார்கள். திரையைப் படம்பிடிக்கும் மென்பொருளை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது.

தொழிலாளர் வழக்கறிஞர்:
ருமேனிய ஊழியர் பர்புலெஸ்குவின் யாஹூ மெசஞ்சர் உரையாடல்களை நிறுவனம் படித்த வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017இல் அவர் பக்கம் நின்றது. கண்காணிப்பை முன்கூட்டியே அறிவிப்பது முக்கியம் என்றது. அந்தத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. நம் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு வேலை தொடர்பான காரணங்களுக்காக ஊழியர்களின் தரவைப் பயன்படுத்த நிறுவனங்களுக்கு இடம் தருகிறது. ஒருவரின் கருவுறுதலைச் சபையில் பேசுவது எந்த வேலைக் காரணம்? கண்காணிப்புக் கொள்கையை எழுத்தில் கேளுங்கள்.

கோவைக் கணக்கர்:
சான்றிதழில் நிறுவனத்தின் பெயர்தான் இருக்கிறது. நாளை அந்தச் சக ஊழியரும் நானும் சேர்ந்து கடிதம் கொடுக்கிறோம்.