அக்டோபர் வந்தால் அடிவயிறு கலங்கும்: ஏஸ் ரசிகர்களின் அனுபவப் பகிர்வு

ஃப்ரீமாண்ட் அப்பா:

2025 பேஸ்பால் சீசன் முடிந்துவிட்டது. நம்ம ஏஸுக்கு (அத்லெடிக்ஸ் டீமின் செல்லப் பெயர்) 76 வெற்றி, 86 தோல்வி. இன்னும் சில வாரத்தில் ஆஃப் சீசன் வியாபாரம் களைகட்டும். யாருக்குச் சம்பளம் கூடும், யாரைத் தள்ளிவிடுவார்கள், ஓனர் பையை அவிழ்ப்பாரா மாட்டாரா என்று பேச்சு ஓடும். அதற்கு முன்னால் இந்த டீமோடு உங்களுக்கு நடந்ததை எழுதுங்களேன். நான் தொடங்கி வைக்கிறேன்.

2006-ல் கலிஃபோர்னியாவில் ஓக்லாண்டுக்குத் தெற்கே இருக்கும் ஃப்ரீமாண்டுக்குக் குடிவந்தேன். பேஸ்பாலில் அரிச்சுவடிகூடத் தெரியாது. வந்த நவம்பரிலேயே ஊரெல்லாம் ஒரே பேச்சு, ஓக்லாண்ட் ஏஸ் டீம் நம்ம ஊருக்கே வருகிறது, சிஸ்கோ கம்பெனி பெயரில் ஸ்டேடியம் கட்டப்போகிறார்கள் என்று. வீட்டுப் பக்கத்தில் மேட்ச் நடந்தால் நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா என்று டிவியில் பார்க்க ஆரம்பித்தேன். 2009 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தைக் கைகழுவிவிட்டார்கள். ஸ்டேடியம் வரவில்லை, பைத்தியம் மட்டும் வந்துவிட்டது.

2018 ஏப்ரல் 17, டீம் ஓக்லாண்டுக்கு வந்து 50 வருஷம் ஆனதைக் கொண்டாட டிக்கெட்டே இல்லாமல் எல்லோரையும் உள்ளே விட்டார்கள். பையனைக் கூட்டிக்கொண்டு பார்ட் ரயில் ஏறினேன். 46,000 பேர். வலது பக்க ஸ்டாண்டில் கொட்டு மேளம் மாதிரி டிரம் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பையன் அன்றைக்கே விழுந்துவிட்டான். அடுத்த வாரம் மார்கஸ் செமியன் பெயர் போட்ட சட்டை கேட்டான், வாங்கிக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டுச் சட்டைச் சாபம் அங்கேதான் தொடங்கியது. செமியன் உள்ளூர்ப் பிள்ளை. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, பெர்க்லியில் படித்தவர். 2019-ல் எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) ஓட்டில் மூன்றாவதாக வந்தார். 2020 முடிந்ததும் ஒப்பந்தம் தீர்ந்தது. ஏஸ் என்ன கொடுக்க முன்வந்தது தெரியுமா? ஒரு வருஷத்துக்கு 1.25 கோடி டாலர், அதிலும் 1 கோடியை வருஷத்துக்குப் பத்து லட்சமாகப் பத்து வருஷம் தவணையில் தருவார்களாம். அப்படித்தான் செய்திகளில் வந்தது. பாத்திரக் கடைத் தவணை கேள்விப்பட்டிருக்கிறோம், ஆட்டக்காரனுக்குத் தவணையை அன்றைக்குத்தான் கேட்டேன். அவர் டொரண்டோவுக்கு 1.8 கோடிக்குப் போனார். அந்த வருஷமே 45 ஹோம் ரன், இரண்டாம் பேஸ் ஆட்டக்காரர்களில் அதுவரை யாரும் அடித்ததில்லை. அடுத்து டெக்சாஸ் ஏழு வருஷத்துக்கு 17.5 கோடி கொடுத்தது. 2023-ல் அவர் கையில் வேர்ல்ட் சீரிஸ் கோப்பை.

அடுத்த சட்டை மேட் சாப்மன். 2022 மார்ச்சில் ஏஸ் அவரை வேறு டீமுக்குத் தள்ளிவிட்டது. ஒரே வாரத்துக்குள் பாசிட், ஓல்சன், சாப்மன் என்று மூன்று முக்கிய ஆட்டக்காரர்களும் போனார்கள், ஏப்ரலில் மனாயா. அதற்கடுத்த சட்டை கேட்சர் ஷான் மர்ஃபி. அந்த டிசம்பரில் அவரும் அட்லாண்டாவுக்கு. "அப்பா, இனிமே சட்டை வேண்டாம், நாம வாங்கினா ஆள் போயிடுறான்" என்றான் பையன்.

இந்த விஷயத்தில் என் கண்ணைத் திறந்தவர் ஒரு கிழவர். 2021 செப்டம்பர், மேட்ச் முடிந்து கொலீசியத்திலிருந்து பார்ட் நிலையத்துக்குப் போகும் பாலத்தில் நடந்துகொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் ஹாட் டாக் வண்டிப் புகை. பையன் சட்டையைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைத்தாடிக்காரர் பக்கத்தில் வந்து, "அவனும் போய்விடுவான் தம்பி, என்னுடையவன் வைடா ப்ளூ" என்றார். ரயிலில் எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து கதையை விரித்தார். 1972, 73, 74 என மூன்று வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கிய டீமை, அப்போதைய ஓனர் சார்லி ஃபின்லி 1976 ஜூனில் பிய்த்து விற்கப் பார்த்தாராம். ஜோ ரூடியும் ரோலி ஃபிங்கர்ஸும் தலைக்கு பத்து லட்சம் டாலருக்கு பாஸ்டனுக்கு, வைடா ப்ளூ 15 லட்சத்துக்கு நியூயார்க்குக்கு. கமிஷனர் போவி கூன் அந்த விற்பனையே செல்லாது என்று ரத்து செய்தார். "இந்த ஊருக்கு இது புதிதில்லை" என்றார் கிழவர்.

அப்புறம் அவர் சொன்னதுதான் இன்றைக்கும் மனசில் நிற்கிறது. 1980-ல் டீமை வாங்கியது வால்டர் ஹாஸ் குடும்பம், லீவைஸ் ஜீன்ஸ்காரர்கள். அவர்கள் கையில் 1989-ல் கோப்பை வந்தது. 1990-ல் நட்சத்திர ஆட்டக்காரர் கன்செகோவுக்கு அவர்கள் கொடுத்த ஐந்து வருஷ ஒப்பந்தத்துக்கு நிகராக அன்றைக்கு பேஸ்பாலில் வேறு இல்லை. 1991-ல் எல்லா டீமையும்விட அதிகச் சம்பளம் கொடுத்தது, நியூயார்க் இல்லை, ஓக்லாண்ட். 2005-ல் லூ வுல்ஃபோடு சேர்ந்து 18 கோடி டாலருக்கு வாங்கிய ஜான் ஃபிஷர் யார்? கேப் துணிக்கடையைத் தொடங்கிய குடும்பத்துப் பிள்ளை. 1969-ல் அந்தக் கடை திறந்தபோது முதலில் விற்றதே லீவைஸ் ஜீன்ஸ்தான். அதே விரிகுடா, அதே ஜீன்ஸ் காசு. ஒரு வீட்டிலிருந்து வந்தது நாட்டிலேயே பெரிய சம்பளம், இன்னொரு வீட்டிலிருந்து வந்தது 2023-ல் நாட்டிலேயே சின்னச் சம்பளம். சின்ன ஊர், சின்ன சந்தை என்று யாராவது காரணம் சொன்னால் எனக்கு அந்தக் கிழவர் ஞாபகம்தான் வரும்.

கிழவர் ஹேவர்டில் இறங்கிவிட்டார். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

சன்னிவேல் ஜெயண்ட்ஸ் ரசிகன்:

அண்ணே, சாப்மன் சட்டையைத் தூக்கிப் போடாதீங்க, நிறம் மாற்றி எங்க பக்கம் வாங்க. 2024-ல் நாங்க, சான் பிரான்சிஸ்கோ ஜெயண்ட்ஸ், ஆறு வருஷத்துக்கு 15.1 கோடி கொடுத்துப் பிடித்துப் போட்டுட்டோம். விரிகுடாவைத் தாண்டினா வந்தாச்சு.

சான் லியாண்ட்ரோ செல்வி:

சன்னிவேல் தம்பி, ஏஸ் சான் ஹோசேவுக்குப் போக நினைத்தபோது "அது எங்கள் எல்லை" என்று மறித்தது உங்கள் ஜெயண்ட்ஸ்தான். அதை எதிர்த்து வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2015-ல் சான் ஹோசே நகரம் வெறுங்கையோடு திரும்பியது. கொஞ்சம் அடக்கி வாசிங்க.

என் அனுபவம் 2023 ஜூன் 13. அந்த மே மாதம் ஒரு மேட்சுக்கு 2,064 பேர்தான் வந்தார்கள். டீமை லாஸ் வேகஸுக்குக் கொண்டுபோகப் பார்த்த ஓனர் தரப்பு அதையே காட்டி, ஓக்லாண்டில் ரசிகர்களே இல்லை என்ற பேச்சைப் பரப்பிவிட்டது. அதற்குப் பதிலடியாக, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் எல்லோரும் திரண்டு வருவோம் என்று ரசிகர்களே ஏற்பாடு செய்தார்கள். புறக்கணிப்பைத் தலைகீழாக்கிய மாதிரி. நானும் அக்கா பொண்ணும் வேலை முடிந்து நேராகப் போனோம். வண்டி நிறுத்துமிடத்தில் திருவிழா. ஒரு பெரியவர், முன்பின் தெரியாதவர், என் கையில் ஒரு பச்சைச் சட்டையைத் திணித்தார். நெஞ்சில் ஒரே வார்த்தை: "விற்றுவிடு". காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார்.

27,759 பேர். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது முதல் பேட்டர் ஆடி முடிக்கும் வரை யாரும் மூச்சு விடவில்லை. அவ்வளவு பெரிய சிமெண்ட் கிண்ணம் கோயில் கர்ப்பகிரகம் மாதிரி அடங்கிப்போனது. பிறகு ஒரே சமயத்தில் வெடித்தது, "டீமை விற்றுவிடு" என்று. அக்கா பொண்ணு அழுதுவிட்டாள். எனக்குப் பக்கத்தில் மூன்று தலைமுறை உட்கார்ந்திருந்தது. பாட்டி ஸ்கோர் புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே கத்தினாள். அன்று டாம்பா பே அணியை 2-1 என்று ஜெயித்தோம், தொடர்ந்து ஏழாவது வெற்றி. அந்த வருஷம் 112 தோற்ற டீம் அது!

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால், அதே நாளில் நெவாடா செனட் வேகஸ் ஸ்டேடியத்துக்கு 38 கோடி டாலர் பொதுப் பணம் தரும் மசோதாவை நிறைவேற்றியிருந்தது. நாங்கள் கத்தியது யார் காதில் விழுந்தது என்று தெரிந்துவிட்டது. அன்றைய டிக்கெட் காசை, 8 லட்சம் டாலருக்கு மேல், நன்கொடையாகக் கொடுத்தார்கள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தச் சட்டை அலமாரியில் இருக்கிறது. அதில் ஆட்டக்காரர் பெயர் இல்லாததால் சாபம் பிடிக்காது, ஃப்ரீமாண்ட் அண்ணா.

டப்ளின் கணக்குப்பிள்ளை:

உணர்ச்சியெல்லாம் சரி, கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். நான் ஓனர் கட்சி இல்லை, ஆனால் ஏஸ் சம்பளம் குறைவு என்பது மட்டுமே குற்றமாகாது. 2018, 2019 இரண்டு வருஷமும் 97 மேட்ச் ஜெயித்தது இதே சிக்கனச் செட்டிதான். டாம்பா பே இன்றைக்கும் அப்படித்தான் பிழைக்கிறது.

விளையாட்டு எங்கே இருக்கிறது என்றால், ஒரு பையன் மேஜர் லீகுக்கு (மேல்மட்ட லீக்) வந்ததும் முதல் மூன்று வருஷம் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்தான். 2025 கணக்கில் 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர். அடுத்த மூன்று வருஷம் ஆர்பிட்ரேஷன் (பேச்சு ஒத்துவராவிட்டால் நடுவர் சம்பளத்தைத் தீர்ப்பது), சம்பளம் மளமளவென்று ஏறும். ஆறு முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட், எங்கே வேண்டுமானாலும் போகலாம். நான்காவது ஐந்தாவது வருஷத்தில் விற்றுவிட்டு, பதிலுக்குச் சின்னப் பையன்களை வாங்கினால் சக்கரம் திரும்ப ஒன்றிலிருந்து சுழலும். ஓல்சனை வாங்கிய மறுநாளே அட்லாண்டா எட்டு வருஷத்துக்கு 16.8 கோடி எழுதிக் கொடுத்தது. ஓக்லாண்டில் முடியாதது அங்கே ஒரே ராத்திரியில் எப்படி முடிந்தது?

ஐபிஎல் பார்த்துப் பழகிய நம்ம ஆட்கள் இதில் குழம்புவார்கள். அங்கே ஏலத்தில் எல்லா டீமுக்கும் ஒரே பணப்பை. இங்கே உச்சவரம்பும் கிடையாது, இவ்வளவாவது செலவழி என்ற தரையும் கிடையாது. ஒரு அளவைத் தாண்டினால் அபராத வரி, அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் டீம் நட்சத்திர ஆட்டக்காரர் ஓடானிக்கு 70 கோடி எழுதி அதில் 68 கோடியைத் தள்ளிப்போட்டது. செமியனுக்கும் தள்ளிப்போடல்தான். பணக்காரன் தவணை கேட்டால் அது திட்டம், கஞ்சன் கேட்டால் கஞ்சத்தனம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஆபீஸில் எனக்கு மேலே இருந்தவர் ஏஸ் வெறியர், பெயர் வேண்டாம். 2024 டிசம்பரில் பந்து வீச்சாளர் செவரினோவுக்கு ஏஸ் மூன்று வருஷம் 6.7 கோடி என்று செய்தி வந்ததும் மதியச் சாப்பாட்டு மேசைக்கு ஓடி வந்தார். "இருபது வருஷத்துக்கு முன்னால் எரிக் சாவேஸுக்குக் கொடுத்த, டீமிலேயே பெரிய ஒப்பந்தமான 6.6 கோடியைத் தாண்டிவிட்டார்கள்!" என்று அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். நான்தான் கெடுத்தேன். பணக்கார டீம்களிடமிருந்து பங்கு வாங்குகிற டீம், வாங்கியதைப் போல ஒன்றரை மடங்கு சம்பளத்துக்குச் செலவழிக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டக்காரர் சங்கம் புகார் கொடுக்கும். 2018-லேயே ஏஸ் உட்பட நாலு டீம் மீது கொடுத்தது. ஆகவே 10.5 கோடி வரைக்கும் ஏற்றியாக வேண்டும் என்று அப்போதே செய்தி அடிபட்டது. இருக்கிற ஆட்டக்காரர்களில் ரூக்கருக்கு ஐந்து வருஷம் 6 கோடி, பட்லருக்கு ஏழு வருஷம் 6.55 கோடி என்று அடுத்தடுத்து வந்தது. மனம் திருந்தியா, புகாருக்குப் பயந்தா? என்னைக் கேட்டால் இரண்டாவது. அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒன்றை மட்டும் நானும் மன்னிக்க மாட்டேன். 2020 மே மாதம், கொரோனா நேரத்தில், மைனர் லீக் (மேஜர் லீகுக்குக் கீழ்மட்டம்) பையன்களுக்கு வாரம் 400 டாலர் கொடுத்துவந்ததை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். எல்லோரும் காறித் துப்பிய பிறகு ஃபிஷர் பின்வாங்கினார். அதில் எந்தக் கணக்கும் இல்லை.

ஃபால்சம் தம்பி:

இப்போது அந்த டீம் எங்கள் பக்கம். பெயரில் ஊரே இல்லை, வெறும் அத்லெடிக்ஸ். சட்டையின் ஒரு கையில் சாக்ரமெண்டோ பாலம், மறு கையில் லாஸ் வேகஸ். குடியிருக்கிற வீடு ஒன்று, அட்வான்ஸ் கொடுத்த வீடு ஒன்று. மைதானம் மைனர் லீக் ரிவர் கேட்ஸ் டீமுடையது, 14,000 பேர்தான் கொள்ளும். அதன் சொந்தக்காரர் விவேக் ரணதிவே, மும்பையில் பிறந்தவர், கிங்ஸ் கூடைப்பந்து டீமும் அவருடையதுதான். ஆகஸ்டில் போனேன், வெயில் நம்ம வேலூர் மாதிரி. புல் சரிவில் துண்டு விரித்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓக்லாண்டிலிருந்து ஒருத்தர். "இந்த ஆள் டீமுக்கு இனி ஒரு காசு தர மாட்டேன் என்று சத்தியம் செய்தவன் நான்" என்றார். "அப்புறம் ஏன் சார் வந்தீங்க?" என்றேன். "குர்ட்ஸ்" என்றார். அவ்வளவுதான் பதில். ஜூலையில் ஹூஸ்டனில் ஒரே மேட்சில் நாலு ஹோம் ரன் அடித்தானே, அந்த நிக் குர்ட்ஸ். டிக்கெட்டை மச்சான் வாங்கிக் கொடுத்ததால் சத்தியம் மீறவில்லையாம்.

பந்து வீச்சாளர் மேசன் மில்லரை ஜூலை 31-ல் சான் டியேகோவுக்கு விற்றதை அவரிடம் கேட்டேன். பதிலுக்கு வந்த லியோ டி வ்ரீஸுக்கு 18 வயசு. "அவன் நன்றாக வருவான், வந்ததும் விற்பார்கள்" என்று சொல்லிவிட்டு மக்காச்சோளப் பொரியை நீட்டினார்.

ஃப்ரீமாண்ட் அப்பா:

கணக்குப்பிள்ளை சார், உங்கள் ஆறு வருஷக் கணக்கை வீட்டில் ஒப்பித்தேன். பையன் இப்போது டேவிஸில் முதல் வருஷம், மைதானம் அவனுக்கு அரைமணி நேரத்துக்குள். போன வாரம் வந்தபோது காலண்டரை வைத்துக்கொண்டு எண்ணினான். குர்ட்ஸ் 2025-ல் வந்தான். 26, 27 சாக்ரமெண்டோ. 28-ல் வேகஸ் ஸ்டேடியம் திறந்தால் 28, 29, 30 வேகஸ். ஆர்பிட்ரேஷன் தொடங்குவதும் வேகஸ் போவதும் ஒரே வருஷம்.

"இந்த ஆஃப் சீசனிலேயே நீண்ட ஒப்பந்தம் போட்டுட்டா சட்டை வாங்கலாம்ப்பா" என்றான்.

போடாவிட்டால்?

"வாடகைக்கு வாங்கற மாதிரி நினைச்சுக்கலாம்."