பெரிய வீடு குழு: கவினோட மூணு நிமிஷப் பேச்சு

சுதா: நாளைக்கு டிசம்பர் 10, மனித உரிமைகள் தினம். ஸ்கூல் பிரேயர்ல கவின் பேசறான். 3 நிமிஷம். யாராவது பாத்துச் சொல்லுங்க. "1985இல் வெம்பிளியில் மனித உரிமைக்காக நடந்த உலக இசை விழா..."னு ஆரம்பம்.

பெரியப்பா: முதல் வரியே தப்பும்மா. 1985 ஜூலை 13 நடந்தது லைவ் எய்டு, எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பணம் திரட்ட. இவனுக்கு வேண்டியது 1988, அம்னஸ்டிங்கிற மனித உரிமை அமைப்பு நடத்தின 'ஹியூமன் ரைட்ஸ் நவ்' இசைப் பயணம். செப்டம்பர் 2 லண்டன்ல தொடங்கி அக்டோபர் 15 புவனஸ் அயர்ஸ்ல முடிஞ்சுது. 20 கச்சேரி. லண்டன் வெம்பிளி, பிலடெல்ஃபியா ஜே.எஃப்.கே. மைதானம், ரெண்டு விழாவும் இந்த ரெண்டு இடத்துலயும் நடந்துது. அதான் குழப்பம்.

ரமேஷ் மாமா: 88ல வெம்பிளில மண்டேலா பிறந்தநாளும் வந்துதே

பெரியப்பா: அது ஜூன் 11. 70ஆவது பிறந்தநாள். வேற விழா.

செல்வி சித்தி: டெல்லிக்கும் வந்தாங்கல்ல?

பெரியப்பா: செப்டம்பர் 30, நேரு ஸ்டேடியம். ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டிங், பீட்டர் கேப்ரியேல், டிரேசி சாப்மன், யூசு என்டூர்.

செல்வி சித்தி: சுதா, வளைகாப்புக்கு இலை 150 போதுமா

ரமேஷ் மாமா: 200 சொல்லு. போன தடவை எங்க பக்கத்து ஆளுங்களுக்குத்தான் இலை இல்ல

செல்வி சித்தி: அதை இன்னும் விடலயா நீங்க

பெரியப்பா: இலை அப்புறம். கவின் கட்டாயம் சொல்ல வேண்டியது மெண்டோசா. சிலியில ராணுவ சர்வாதிகாரி பினோசே ஆட்சி, அங்க நடத்த வழியில்ல. அதனால ஆண்டீஸ் மலைக்கு இந்தப் பக்கம், அர்ஜென்டினாவோட மெண்டோசாவுல அக்டோபர் 14 மேடை போட்டாங்க. பினோசே வாக்கெடுப்புல தோத்து ஒன்பதே நாள். சிலிக்காரங்க மலையைத் தாண்டி ஆயிரக்கணக்குல வந்தாங்க. மறுநாள் புவனஸ் அயர்ஸ்ல, அர்ஜென்டினா ராணுவ ஆட்சில காணாமப்போன பிள்ளைகளைத் தேடின மே சதுக்கத் தாய்மார் வெள்ளை முக்காட்டோட மேடை ஏறினாங்க. 1990 அக்டோபர்ல அம்னஸ்டி கச்சேரி சிலியிலயே நடந்துது, சான்டியாகோ தேசிய மைதானத்துல. 1973ல பினோசே ராணுவம் ஆளுங்களை அடைச்சு வச்சுச் சித்திரவதை பண்ணின அதே மைதானம்.

சுதா: 🙏

மீனா அத்தை: அண்ணா, ஐ.நா.வோட மனித உரிமைப் பிரகடனத்தைப் பத்தி ஒரு வரிகூட இல்லயே. இந்த நாளே அதுக்குத்தான். 1948, பாரிஸ். 30 பிரிவு. வாக்கெடுப்புல ஆதரவு 48 நாடு, எதிர்ப்பு 0, நடுநிலை 8. முதல் பிரிவுல "எல்லா ஆண்களும்"னு படற மாதிரி இருந்ததை "மனிதர் எல்லாரும்"னு மாத்த வச்சது இந்தியப் பிரதிநிதியா போன நம்ம ஹன்சா மேத்தா. பெண் பிள்ளைங்க உக்காந்து கேக்கற கூட்டம். அதை விடக்கூடாது.

பெரியப்பா: அதுவும் வரட்டும். மெண்டோசாவைத் தொடாதே.

மீனா அத்தை: எத்தனை சொல் எழுதியிருக்கான்?

சுதா: 480

மீனா அத்தை: மைக்ல நிமிஷத்துக்கு நூறு சொல்தான் நிதானமா வரும். 180 சொல்லைக் குறைக்கணும். பாடகர் பட்டியலைத் தூக்கு, ரெண்டு பேர் போதும். தேதியும் மூணுக்கு மேல வேணாம், வேகமாச் சொன்னா நாக்கு குழறும்.

ரமேஷ் மாமா: டெல்லி இருக்கட்டும்

பெரியப்பா: டெல்லி ஒரு வரி. மெண்டோசா முழுசா.

மீனா அத்தை: அப்ப ஹன்சா மேத்தா?

செல்வி சித்தி: இலை 200 சொல்லிடறேன்

சுதா: (கவின்) தாத்தா, மெண்டோசாவா மென்தோசாவா?

பெரியப்பா: மென்-டோ-சா. 'டோ'வை அழுத்திச் சொல்லு கண்ணா.