எச்ஏ இயக்கத்தில் இருந்தும் ஹோஸ்ட் விழுந்தபோது சேவை நின்றது: வீஸ்பியர் கிளஸ்டர்

கேள்வி

வணக்கம். விஎம்வேர் வீஸ்பியர் 7 (மெய்நிகராக்க மென்பொருள்) கிளஸ்டர் ஒன்றில் தலா 256 ஜிபி நினைவகம் கொண்ட மூன்று ஹோஸ்டுகள், அதாவது மெய்நிகர் கணினிகளை (விஎம்களை) இயக்கும் சர்வர்கள், உள்ளன. சேமிப்பகம் மூன்றுக்கும் பொதுவானது. வலைச் செயலியை நான்கு விஎம்கள் இயக்குகின்றன. அவற்றின் முன்னால் ஹெச்ஏபிராக்சி (கோரிக்கைகளைப் பகிர்ந்தளிப்பது), கீப்அலைவ்டு (பொதுவான மெய்நிகர் ஐபியை ஒரு விஎம்மிலிருந்து மற்றதற்கு மாற்றுவது) ஆகியவற்றோடு இரண்டு விஎம்கள் உள்ளன. நேரலைக்குச் செல்லும் முன் ஒரு ஹோஸ்டின் மின்னிணைப்பைத் துண்டித்துச் சோதித்தபோது, அதிலிருந்த விஎம்கள் மற்ற ஹோஸ்டுகளில் தாமாகவே இயங்கத் தொடங்கின. ஆனால் அதுவரை, சில நிமிடங்களுக்கு, செயலி முற்றிலும் கிடைக்கவில்லை. எச்ஏ (உயர் கிடைப்புநிலை வசதி) இருந்தும் இந்த இடைவெளி ஏன்? டிஆர்எஸ் (சுமைக்கேற்ப விஎம்களை ஹோஸ்டுகளிடையே இடம் மாற்றும் வசதி) முழுத் தானியக்கத்தில் இருந்தும் நான்கு விஎம்களில் ஒன்றுக்கே கோரிக்கைகள் மிகுதியாகச் செல்கின்றன. அதற்கு எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

பதில் 1

எச்ஏ தன் வேலையைச் சரியாகவே செய்துள்ளது. ஹோஸ்ட் இறந்துவிட்டது என்று உறுதிசெய்து, அதிலிருந்த விஎம்களை வேறு ஹோஸ்டில் மீண்டும் பூட் செய்வதே அதன் பணி. ஆகவே இயங்குதளமும் செயலியும் தொடங்குவதற்கு ஆகும் நேரம் எப்போதும் இருக்கும். அந்த இடைவெளியில் சேவை நிற்காமல் இருக்க வேண்டுமானால், அதே வேலையைச் செய்யும் இன்னொரு விஎம் வேறு ஹோஸ்டில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். உங்களிடம் அப்படி இரண்டு ஹெச்ஏபிராக்சி விஎம்கள் இருந்தும் சேவை நின்றதென்றால், இரண்டும் ஒரே ஹோஸ்டில் இருந்தனவா என்பதையே முதலில் பாருங்கள். டிஆர்எஸ் பார்ப்பது ஹோஸ்டின் சிபியுவையும் நினைவகத்தையும். இந்த இரண்டு ஹெச்ஏபிராக்சி விஎம்களும் ஒன்றுக்கொன்று மாற்று என்பதை நாம் சொல்லாமல் அது அறியாது. "தனித்தனி ஹோஸ்டுகளில் வை" என்ற விதியை இவ்விரண்டுக்கும் எழுதுங்கள்.

இரண்டாம் கேள்விக்கும் டிஆர்எஸ்ஸுக்கும் தொடர்பில்லை. அது விஎம்களை இடம் மாற்றுமே தவிர, எந்தக் கோரிக்கை எங்கே போகிறது என்பதைத் தொடாது. ஹெச்ஏபிராக்சியில் பேலன்ஸ் முறை "சோர்ஸ்" (பயனரின் ஐபியை வைத்துச் சர்வரைத் தேர்வது) என்று இருந்தால், ஒரே நாட் முகவரிக்கு (பலர் பகிரும் பொது ஐபிக்கு) பின்னால் இருக்கும் பயனர்கள் அனைவரும் ஒரே சர்வருக்குத்தான் செல்வார்கள். "லீஸ்ட்கான்" (இணைப்பு குறைவான சர்வருக்கு) அல்லது "ரவுண்ட்ராபின்" (முறைவைத்து) முறைக்கு மாற்றி, செஷன் தேவைப்பட்டால் பயனரைக் குக்கி வழியாக ஒரே சர்வரோடு ஒட்டவையுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. இரண்டும் ஒரே ஹோஸ்டில்தான் இருந்தன. பேலன்ஸ் முறையும் நீங்கள் சொன்ன "சோர்ஸ்"தான். விதியைச் சேர்த்துவிட்டு மீண்டும் துண்டித்தபோது, மெய்நிகர் ஐபி சில நொடிகளில் அடுத்த விஎம்முக்கு மாறிவிட்டது. இன்னும் ஓர் ஐயம்: அட்மிஷன் கன்ட்ரோல் (மீட்புக்கான இடத்தை ஒதுக்கிவைக்கும் எச்ஏ அமைப்பு) ஒரு ஹோஸ்டின் இழப்பைத் தாங்குமாறு 33 விழுக்காட்டை ஒதுக்கியிருப்பதாகக் காட்டுகிறது. எஞ்சிய இரு ஹோஸ்டுகளில் இடம் போதும் என்பதற்கு இது உறுதிதானா?

பதில் 2

இல்லை, பலரும் ஏமாறும் இடம் இது. அட்மிஷன் கன்ட்ரோல் கணக்கிடுவது விஎம்களின் ரிசர்வேஷனையும் (உறுதியாக ஒதுக்கிய வளத்தையும்) சிறிதளவு மேல்நிலைச் செலவையும் மட்டுமே. அவை உண்மையில் பயன்படுத்தும் நினைவகத்தை அன்று. ரிசர்வேஷன் எதுவும் வைக்காத 16 ஜிபி விஎம் ஒன்று அந்தக் கணக்கில் ஏறத்தாழ எடையற்றது. எனவே 768 ஜிபியில் 700 ஜிபி நிறைந்திருந்தாலும் திரை பச்சையாகவே இருக்கும். ஒரு ஹோஸ்ட் விழுந்தால் எல்லா விஎம்களும் எழும், ஆனால் 512 ஜிபிக்குள் நெருக்கி, பலூனிங்கிலும் (விஎம்களிடமிருந்து நினைவகத்தைத் திரும்பப் பெறுவது) ஸ்வாப்பிலும் (நினைவகத்துக்குப் பதில் வட்டைப் பயன்படுத்துவது) திணறும். முக்கிய விஎம்களுக்கு ரிசர்வேஷன் வையுங்கள். விஎம்கள் தாங்கும் செயல்திறன் குறைவு என்ற மதிப்பை இயல்பான 100இலிருந்து 0க்கு இறக்குங்கள். அது எதையும் தடுக்காது, எச்சரிக்கை மட்டுமே தரும். ஆயினும் அந்த எச்சரிக்கை உண்மையான பயன்பாட்டை வைத்து வருவது.

பதில் 3

மின்னிணைப்பைத் துண்டிப்பது எளிய சோதனை. அரைகுறையாகச் செத்த நிலையையும் சோதித்துப் பாருங்கள். ஹெச்ஏபிராக்சியை மட்டும் நிறுத்துங்கள். கீப்அலைவ்டு உயிரோடு இருப்பதால் விஆர்ஆர்பி அறிவிப்பு (ஐபி தன்னிடம் இருப்பதை மற்ற விஎம்முக்குச் சொல்வது) நொடிக்கொரு முறை போய்க்கொண்டே இருக்கும், ஐபி நகராது, பயனருக்கோ இணைப்பு கிடைக்காது. ஹெச்ஏபிராக்சியைக் கண்காணித்து, அது இல்லையென்றால் முன்னுரிமையைக் குறைக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றைக் கீப்அலைவ்டில் கட்டாயம் இணையுங்கள்.

செயலி சர்வர்களுக்கான ஹெல்த் செக் வெறும் டிசிபி அளவில் இருந்தால், உள்ளே உறைந்துபோன செயலியும் நலமாகவே தெரியும். ஆகவே செயலியின் ஒரு பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும் எச்டிடிபி சோதனையாக மாற்றுங்கள். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து தரவுதளத்தை வினவாதீர்கள். இயல்பான அமைப்பில் 2 நொடி இடைவெளியில் மூன்று தோல்விகள் வந்தாலே சர்வர் விலக்கப்படும். தரவுதளம் சற்றே தாமதித்தாலும் நான்கு சர்வர்களும் ஒரே நேரத்தில் விலக்கப்பட்டு, பயனர் அனைவருக்கும் 503 (சேவை கிடைக்கவில்லை) என்ற பிழை மட்டுமே கிடைக்கும்.