கிரேட் ஓஷன் ரோடில் கேம்பர்வேன்: இரவு எங்கே தங்குவது?

ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலையில் போக, படுக்கை வசதியுள்ள கேம்பர்வேனில் மெல்பர்னிலிருந்து கிளம்புகிறோம். அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. கடலோர கார் பார்க்கில் வேனிலேயே தூங்கலாமா?

பதில் 1: கூடாதுங்க, அபராதம் விழும். வழியில் வரும் லோர்ன், அப்போலோ பே ஊர்களில் வேனை நிறுத்தித் தங்கும் கேரவன் பார்க்குகளில் இடம் பிடித்துவிடுங்கள்; ஜனவரி விடுமுறை என்றால் இப்போதே. சாலை தொடங்கும் டார்க்கீ ஊரிலிருந்து மேற்கே போனால் கடல் இடப்பக்கம் வரும், அம்மாவை முன் சீட்டில் உட்காரவையுங்கள். பாத்திரங்களுக்கு நடுவே துண்டு செருகுங்கள். இல்லாவிட்டால் வளைவுக்கு வளைவு கச்சேரிதான்.

பதில் 2: கென்னட் ரிவர் என்ற ஊரில் யூகலிப்டஸ் மரங்களை அண்ணாந்து பாருங்கள், கோலா என்ற விலங்கு தூங்கும். இருட்டியபின் ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே பாயும்.

கேட்டவர்: நன்றி. வேனுக்குள் குக்கர் வைக்கலாமா என்கிறார் அம்மா.

பதில் 1: தாராளமாக, ஜன்னலைத் திறந்துவைத்து. தாளிப்பை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மெத்தையில் ஏறினால் அந்த வாசனை போகாது.